பழைய வரைபடத்தில் ஒரு தோட்டம்

புத்ராஜெயா ஏரிக்கரையில் நிற்பவர்களின் கண்ணில் அரசாங்க அலுவலகங்களும் பெரிய பாலங்களும் பள்ளிவாசலின் இளஞ்சிவப்புக் குவிமாடமும் படும். நீர் நிறைந்த அந்த ஏரி இயற்கையாகவே அங்கு இருந்தது என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால், 1995ஆம் ஆண்டுக்கு முன் அளக்கப்பட்ட நிலவரைபடத்தில் அந்த ஏரி இல்லை. ஏரி இருக்கும் இடத்தில் சுங்கை சுவாவ், சுங்கை பீசா என்னும் இரண்டு சிற்றாறுகள் பள்ளத்தாக்கு வழியே ஓடின. அவற்றைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அவற்றுள் பெரிய தோட்டத்தின் பெயர் பிராங் பெசார்.

முதலாம் உலகப் போரில் பங்கேற்று ஊர் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921ஆம் ஆண்டில் அத்தோட்டத்தைத் தொடங்கினர். 'பெரும் போர்' என்ற பொருள் தரும் மலாய்ச் சொற்களையே தோட்டத்திற்குப் பெயராகவும் வைத்தனர். அங்கு உருவாக்கப்பட்ட ரப்பர் மர வகைகள் 'பிபி' என்னும் எழுத்துகளால் குறிக்கப்பட்டு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலும் நடப்பட்டன. 1990களில் புதிய நிர்வாகத் தலைநகருக்காக அந்த நிலம் எடுக்கப்பட்டது. தோட்டத்து மக்கள் டெங்கிலுக்கு இடம் பெயர்ந்தனர். லயங்களும் பிரட்டுக்களமும் மறைந்தன. அந்த இடத்தின் பழைய உருவம் இன்று இரண்டு இடங்களில் எஞ்சியிருக்கிறது. ஒன்று, அங்கு வாழ்ந்தவர்களின் நினைவு. மற்றொன்று, பழைய நிலவரைபடம்.

நிலவரைபடத்தைப் படித்தல்

சாலை வரைபடம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வழியைக் காட்டும். நிலவரைபடமோ நிலத்தின் மேடு பள்ளங்களையும் ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் பயிர்களையும் கட்டடங்களையும் சேர்த்துக் காட்டும். புவியியல் பாடத்தில் 'பெத்தா தோப்போகிராஃபி' என்று மாணவர்கள் கற்பது இதைத்தான்.

இதைப் படிக்க மூன்று அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது அளவுத்திட்டம். மலாயாவின் பழைய வரைபடங்கள் பல, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் கணக்கில் வரையப்பட்டவை. ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் உள்ளன. ஆகவே, அந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஏறத்தாழ 634 மீட்டர் ஆகும். பிற்காலத்தில் வந்த 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அருகிலிருந்த தோட்டம் தொலைவில் இருந்ததாகத் தோன்றும்.

இரண்டாவது, சம உயரக் கோடு. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து வரையப்படும் கோடு இது. கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு செங்குத்தானது. விலகி இருந்தால் நிலம் மெல்லச் சரிகிறது. கோடுகள் வட்டம் வட்டமாக ஒன்றனுள் ஒன்று அமைந்தால் அங்கு குன்று இருக்கிறது. கோடுகள் ஆற்றைக் கடக்கும் இடத்தில் கூர்மையாக வளையும். அந்தக் கூர்முனை எப்போதும் ஆறு தோன்றும் மேட்டுப் பக்கத்தையே சுட்டும். இதைக் கொண்டு ஆறு எத்திசையில் ஓடுகிறது என்பதை அறியலாம்.

மூன்றாவது, குறி விளக்கம். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அந்தப் பட்டியல், எந்தக் குறி எதைக் காட்டுகிறது என்று சொல்லும். அதன் அருகிலேயே நிலம் அளக்கப்பட்ட ஆண்டும் அச்சிடப்பட்ட ஆண்டும் இருக்கும். இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அளந்த நிலம் பின்னர் அச்சுக்கு வரலாம். பழைய தாளைச் சிறு திருத்தங்களோடு மீண்டும் அச்சிடுவதும் உண்டு. எனவே, வரைபடம் காட்டும் காட்சி அளந்த ஆண்டுக்கே உரியது. அச்சிட்ட ஆண்டுக்கு உரியது எனக் கொள்ளக் கூடாது.

அளந்தவர்களும் அளந்த காரணமும்

இந்த வரைபடங்களுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1802ஆம் ஆண்டு சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் என்பவர் ஓர் அடிக்கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. அந்தப் பணியை அவருக்குப் பின் ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அந்த அளவைகளைக் கொண்டு பூமியின் வடிவத்துக்கான கணக்கு ஒன்றை அவர் 1830ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கணக்கைச் சற்று மாற்றி அமைத்தே பின்னாளில் தீபகற்ப மலேசியாவின் வரைபடங்கள் வரையப்பட்டன.

மலாயாவிலும் அளவையாளர்கள் குன்றுகளின் மீது ஏறிக் கோணங்களை அளந்தனர். பார்வைக்குத் தடையாக இருந்த காட்டை வெட்டி வழி உண்டாக்கினர். 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியை நிலத்தில் இழுத்துத் தூரத்தைக் கணித்தனர். 80 சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு மைல்.

இத்தனை உழைப்பும் வீணுக்கு அன்று. ஈய லம்பத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் நிலம் கொடுக்க எல்லை தெரிய வேண்டும். வரி வாங்கப் பரப்பளவு தெரிய வேண்டும். படை நகரப் பாதை தெரிய வேண்டும். ஆகவே, வரைபடத்தில் எது இடம்பெற வேண்டும் என்பதை ஆட்சியின் தேவை முடிவு செய்தது. பழைய வரைபடத்தைக் கையில் எடுப்பவர் இதை மறக்கக் கூடாது.

பெயர்கள் சொல்லும் செய்தி

வரைபடத்திலுள்ள இடப்பெயர்கள் பெரும்பாலும் நிலத்தை விவரிப்பவை. 'சுங்கை' ஆறு; 'புக்கிட்' குன்று; 'கோலா' கழிமுகம்; 'பாயா' சதுப்பு நிலம்; 'பாரிட்' வெட்டிய கால்வாய்; 'சிம்பாங்' சாலைகள் பிரியும் சந்திப்பு. 'பத்து' என்பதற்குக் கல் என்று பொருள். அதன் பின் ஓர் எண் வந்தால் அது மைல்கல்லைக் குறிக்கும். 'பத்து லாப்பான்' என்ற இடம் ஒரு காலத்தில் ஏதோ ஒரு நகரிலிருந்து எட்டாவது மைலில் இருந்தது என்று அறியலாம். மைல்கல் போய்விட்டது, கணக்கு கிலோமீட்டருக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று வீடுகள் நிறைந்த ஓர் ஊருக்குப் 'பாயா' என்ற பெயர் இருந்தால், மழைக்காலத்தில் அங்கு ஏன் வெள்ளம் தேங்குகிறது என்பதற்கும் அந்தப் பெயர் ஒரு விடை தரக்கூடும்.

சில பெயர்கள் மாறியும் இருக்கின்றன. தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான். போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று கிள்ளான் துறைமுகம். பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா. மலாய்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறையும் 1972ஆம் ஆண்டில் மாறியது. ஆதலால், பழைய வரைபடத்தில் ஓர் ஊரைத் தேடுபவர் பழைய பெயரையும் பழைய எழுத்து முறையையும் அறிந்திருக்க வேண்டும்.

தோட்டங்களின் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். தோட்டத்து மக்கள் தங்களுக்குள் வேறொரு பெயரைச் சொல்லி வந்தனர். துரையின் பெயரையோ அருகிலிருந்த ஆற்றையோ மரத்தையோ ஒட்டி அந்தப் பெயர் அமைந்தது. அந்தத் தமிழ்ப் பெயர்கள் வரைபடத்தில் ஏறவில்லை. அவற்றை அறிய முதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறைந்த இருப்புப்பாதைகள்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்ல அமைக்கப்பட்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. ரயில் இப்போது அங்கு வருவதில்லை. நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை மட்டும் இன்றும் அங்கு நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் பெயர் எழுதப்பட்டுள்ளது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ரயிலில் பயணம் செய்தார்கள் என்பதற்கு அந்தப் பலகையே சான்று.

வரைபடத்தில் பழைய இருப்புப்பாதையைக் கண்டுபிடிப்பது எளிது. ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. திடீரென்று திரும்பவும் செய்யாது. எனவே, அதன் பாதை நேராகவோ மெல்ல வளைந்தோ செல்லும். இன்றைய வரைபடத்தில் தோட்டத்துக்கு நடுவே ஒரு மண்பாதை காரணமின்றி நீண்ட தூரம் நேராகச் சென்றால், பழைய தாளில் அதே இடத்தைப் பார்ப்பது பயன் தரும். முன்பு அங்கு தண்டவாளம் இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வரைபடத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகர்வரை ஒரு கிளைப்பாதை இருக்கிறது. போருக்குப் பிந்தைய வரைபடத்தில் அது இல்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போட ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றனர். கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் அவ்வாறே பெயர்க்கப்பட்டன. தண்டவாளங்களோடு மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பலர் காய்ச்சலாலும் காலராவாலும் பசியாலும் மாண்டனர். இரண்டு வரைபடங்களுக்கும் இடையில் காணாமற்போனது ஒரு கோடு. அந்தக் கோடு ஏன் காணாமற்போனது என்று கேட்கும்போதுதான் அந்த மக்களின் கதை வெளிவருகிறது.

சிதறிய வீடுகளும் சதுரக் கிராமங்களும்

1948 முதல் 1960 வரை நாட்டில் அவசரகாலம் நிலவியது. 1950ஆம் ஆண்டில் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இத்தகைய கிராமங்கள் நானூறுக்கும் மேல் உருவாயின. தோட்டங்களிலும் தொலைவில் தனித்தனியே இருந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பி வேலி போடப்பட்டது.

இம்மாற்றத்தை வரைபடத்தில் கண்ணாலேயே காணலாம். முந்தைய தாளில் வீட்டுப் புள்ளிகள் ஆற்றோரமாகவும் காட்டோரமாகவும் சிதறிக் கிடக்கும். பிந்தைய தாளில் அவை மறைந்து, சாலையோரத்தில் குறுக்கும் நெடுக்குமான தெருக்களோடு ஒரு கிராமம் தோன்றியிருக்கும். மெல்ல வளர்ந்த கம்பத்துக்கு வளைந்து நெளிந்த பாதைகள் இருக்கும். ஒரே நேரத்தில் அளந்து அமைத்த ஊருக்கு நேர்த்தெருக்கள் இருக்கும். தெருக்களின் வடிவமே ஊர் பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறது.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

ஒரு தோட்டத்தின் வரைபடத்தைச் சம உயரக் கோடுகளோடு சேர்த்துப் பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். துரையின் பங்களா பல தோட்டங்களில் குன்றின் உச்சியில் அமைந்தது. காற்றும் பார்வையும் அங்கு நன்றாக இருந்தன. கிராணிமார்களின் வீடுகள் அதற்குக் கீழே இருந்தன. தொழிலாளர் லயங்கள் நீரும் ஆலையும் அருகிலிருந்த தாழ்ந்த நிலத்தில் வரிசையாக நின்றன. அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 50 அடி வேறுபாடு என்று கொண்டால், பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையில் எத்தனை கோடுகள் உள்ளன என்று எண்ணியே உயர வேறுபாட்டைக் கணக்கிடலாம். தோட்டத்தில் யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது நிலத்தின் உயரத்திலும் பதிந்திருந்தது.

வரைபடம் சொல்லாதவை

வரைபடத்துக்கு எல்லை உண்டு. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு லயத்தை ஓர் அங்குல வரைபடத்தில் உண்மையான அளவில் வரைந்தால் அது அரை மில்லிமீட்டர்கூட இராது. அவ்வளவு சிறிய கோட்டைக் கண்ணால் காண்பதே கடினம். ஆகவே, கட்டடங்கள் குறிகளாகவே வரையப்பட்டன. வரைபடத்தில் மூன்று கறுப்புக் கட்டங்கள் இருந்தால் மூன்று லயங்களே இருந்தன என்று முடிவு செய்ய முடியாது. அங்கு எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்பதும் தெரியாது.

விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டிய பெண்களை வரைபடம் காட்டாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையைக் காட்டாது. மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்ட முனியாண்டி சாமியைக் காட்டாது. வரைபடத்தில் இல்லாத ஒன்று நிலத்திலும் இல்லை என்று எண்ணுவது பெருந்தவறு.

அதே வேளையில், வரைபடத்தில் இருப்பதற்கு மதிப்பு உண்டு. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வரும்போது, கோயிலும் இடுகாடும் எப்போதிலிருந்து அங்கு இருக்கின்றன என்ற கேள்வி எழுவது வழக்கம். பழைய நிலவரைபடத்தில் அவற்றின் குறி இருந்தால், அளந்த ஆண்டிலேயே அவை அங்கு இருந்தன என்பதற்கு அது சான்றாகும். நிலம் யாருக்கு உரியது என்பதை அந்தக் குறி நிறுவாது. அதற்கு நிலப்பட்டா வேண்டும். ஆயினும், 'இங்கு எதுவும் இருந்ததில்லை' என்ற கூற்றை மறுக்க அது போதும். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்க, அந்தத் தோட்டம் எங்கிருந்தது என்றே தெரியாமல் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கும் வரைபடம் வழிகாட்டும்.

ஆய்வைத் தொடங்கும் முறை

வட்டார வரலாற்றை ஆராய விரும்பும் மாணவர்கள் முதலில் சிறிய இடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தோட்டமோ ஒரு கம்பமோ போதும். பழைய வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் உள்ளன. சில தாள்களைப் பார்வையிட அனுமதி தேவைப்படும் என்பதால் ஆசிரியரின் துணையோடு விண்ணப்பிப்பது நல்லது.

அடுத்து, பழைய தாளையும் புதிய தாளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதற்கு எளிதில் மாறாத மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுக்கலாம். குன்றின் உச்சி, இரண்டு ஆறுகள் கூடும் இடம், பழைய ரயில் பாலம் போன்றவை பொருத்தமானவை. சாலைகளை மட்டும் நம்பக் கூடாது. அவை இடம் மாறும். பொருத்திய பின், நிலைத்திருப்பவை, இடம் மாறியவை, மறைந்தவை என மூன்று பட்டியல்கள் தயாரிக்க வேண்டும்.

அதன்பின் வரைபடத்தின் நகலை அங்கு வாழ்ந்த முதியவர்களிடம் கொண்டு செல்ல வேண்டும். 'அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். 'இந்த ஆற்றை எந்த இடத்தில் கடப்பீர்கள், தாத்தா? பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பாதையில் நடந்தீர்கள், பாட்டி?' என்று வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் நினைவுகள் இடத்தோடு சேர்ந்து வரும். சொன்னவரின் பெயர், வயது, நாள் ஆகியவற்றை அவருடைய அனுமதியுடன் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொல்வதும் வரைபடம் காட்டுவதும் முரண்பட்டால் உடனே ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது. அவர் சொல்லும் ஆண்டும் வரைபடம் அளக்கப்பட்ட ஆண்டும் வேறாக இருக்கலாம். மூன்றாவது சான்று ஒன்றைத் தேட வேண்டும்.

இறுதியாக, நில உரிமையாளரின் அனுமதி பெற்று, பெரியவர் ஒருவரின் துணையோடு அந்த இடத்தை நேரில் பார்க்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலத்திலும் கிணற்றுச் சுவரோ சிமெண்டுப் படிக்கட்டோ வரிசையாக நின்ற தென்னைகளோ எஞ்சியிருக்கக்கூடும். கண்டவற்றைப் படமெடுத்து வரைபட நகலில் குறிக்க வேண்டும். முதியவர்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களையும் உரிய இடத்தில் எழுத வேண்டும். அளவையாளர்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் அந்தப் பெயர்கள் முதன்முறையாக இடம்பெறும். அந்த வேலையை முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

சிந்தனைக்கு

1. வரைபடம் அளக்கப்பட்ட ஆண்டையும் அச்சிடப்பட்ட ஆண்டையும் பிரித்தறிவது ஏன் தேவை?

2. தம்பின்–மலாக்கா இருப்புப்பாதை வரைபடத்திலிருந்து மறைந்ததற்கும் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

3. 'வரைபடத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை' என்னும் கருத்தை இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் மறுத்துரைக்க.

4. உன் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் பிறந்த இடத்தைக் கேட்டறிந்து, அதன் பழைய பெயரையும் இன்றைய பெயரையும் எழுதுக.